கட்டடங்களை எப்படிப் பார்ப்பது? கேள்வி பதில்

பயணம் போகும்போது புகழ்பெற்ற கட்டடங்களைப் பார்க்கிறேன். ‘அழகாக இருக்கிறது’ என்பதைத் தாண்டி ஒன்றும் தோன்றுவதில்லை. எங்கிருந்து தொடங்குவது?

இரண்டே கேள்வி கேட்டுப் பாருங்கள். பாரம் எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது? வெளிச்சம் எந்த வழியாக உள்ளே வருகிறது? எந்தக் காலம், என்ன பாணி என்பதெல்லாம் அப்புறம்.

ரோமில் உள்ள பாந்தியன் என்ற பழங்காலக் கோயிலையே எடுத்துக்கொள்வோம். சுமார் 1,900 ஆண்டு பழைய கான்கிரீட் குவிமாடம். உள்ளே இரும்புக் கம்பி கிடையாது. குறுக்களவு ஏறக்குறைய 43 மீட்டர், தரையிலிருந்து உச்சி வரையிலான உயரமும் அவ்வளவே. ஒரு பெரிய பந்தை உள்ளே உருட்டிவிட்டால் கச்சிதமாக உட்காரும். அடியில் தடிமனாக இருக்கும் கூரை மேலே போகப் போக மெலிகிறது. கலவையில் போட்ட கல்லும் மேலே லேசான வகை. உட்புறம் வரிசையாகக் குழிந்திருக்கும் சதுரங்களும் பாரத்தைக் குறைக்கின்றன. உச்சியிலோ ஒன்றுமே இல்லை, வட்டமான ஒரு திறப்புதான். வாசலை விட்டால் வெளிச்சம் அதன் வழியாகத்தான் வர வேண்டும். அரை மணி நேரம் ஓரிடத்தில் உட்காருங்கள். சுவரில் விழுந்த வெயில் வட்டம் நகர்ந்திருக்கும்.

அப்படியானால் மழை பெய்தால்?

உள்ளேயும் பெய்யும்! தரையில் லேசான சரிவும், தண்ணீர் வடியச் சின்னத் துளைகளும் இருக்கின்றன. எல்லோரும் அண்ணாந்து பார்க்கிற இடத்தில் கொஞ்சம் குனிந்தும் பாருங்கள்.

இஸ்தான்புல்லின் ஹாகியா சோபியாவில் குவிமாடம் மிதப்பதாகச் சொல்கிறார்களே?

குவிமாடத்தின் அடியில் சுற்றிலும் 40 ஜன்னல்கள். பாரத்தைத் தாங்குவது ஜன்னல்களுக்கு நடுவே உள்ள பகுதிகள்தான். வெளிச்சம் கண்ணைக் கூசுவதால் அவை தெரிவதில்லை, கூரை அந்தரத்தில் நிற்பது போலத் தோன்றுகிறது. ஆனால் பாரம் ஏமாறாது. 537இல் திறந்த கட்டடத்தின் முதல் குவிமாடம் 558இல் இடிந்து விழுந்தது. அடுத்ததை இன்னும் உயரமாகக் கட்டினார்கள். தட்டையான குவிமாடம் சுவர்களை வெளிப்பக்கம் அதிகமாகத் தள்ளும். உயர்த்தினால் பாரம் இன்னும் செங்குத்தாக இறங்கும்.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாதாமே?

விழும். காலையிலோ மாலையிலோ போனால் நீளமாகவே விழுந்து கிடக்கும். இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. உண்மையான அதிசயத்தை அது மறைத்துவிடுகிறது. 1010 வாக்கில் ராஜராஜன் கட்டி முடித்த அந்தக் கருங்கல் விமானம் உள்ளே வெற்றுக் கூடு. ஒவ்வொரு வரிசைக் கல்லையும் சற்றே உள்நோக்கி நீட்டி நீட்டி அடுக்கி, உச்சியில் சேர்த்திருக்கிறார்கள்.

பழைய கட்டடங்கள் சரி. புதியவற்றில் பார்க்க என்ன இருக்கிறது?

சிட்னி ஓபரா ஹவுஸ் தூரத்தில் பளிச்சென்ற வெள்ளை. கிட்டே போய்ப் பாருங்கள்: பளபளக்கும் வெள்ளை ஓடு, மங்கலான பாலாடை நிற ஓடு என்று இரண்டு வகை, மொத்தம் பத்து லட்சத்துக்கும் மேல். அந்த வளைவுகள் எல்லாம் ஒரே கோளத்திலிருந்து வெட்டி எடுத்த துண்டுகள் போன்றவை. அதனால்தான் பாகங்களை அச்சில் வார்த்துக் கட்ட முடிந்தது.

போட்டோ எடுக்கலாமா, கூடாதா?

தாராளமாக எடுங்கள். முதலில் கட்டடத்தை வெளியே ஒரு சுற்று சுற்றிவிட்டு எடுங்கள், அவ்வளவுதான்.

தாஜ்மஹாலைப் படத்தில் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. நேரில் போக வேண்டுமா?

போங்கள். நான்கு மினார்களும் லேசாக வெளிப்பக்கம் சாய்ந்திருப்பதைக் கண்டுபிடிக்க முடிகிறதா பாருங்கள். அப்புறம் நுழைவாயிலைச் சுற்றியுள்ள கறுப்பு எழுத்துகளுக்கு நேர்கீழே நில்லுங்கள். மேலிருந்து கீழ்வரை எல்லாம் ஒரே அளவாகத் தெரியும். உண்மையில் மேலே போகப் போக எழுத்துகள் பெரிதாகிக்கொண்டே போகின்றன.