அம்மாவின் மகரகம பயணத்துக்கு வான் வாங்கலாமா?

கேள்வி: நான் மட்டக்களப்பு கல்லடியில் இருக்கிறேன். அம்மாவுக்குக் கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள மகரகம வைத்தியசாலையில் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுகிறார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, இன்னும் ஆறு தடவை போக வேண்டும். ஹயர் வான் போய்வர 55,000 ரூபாய் கேட்கிறார்கள். அதைவிட லீசிங்கில் ஒரு வானை எடுத்தால் என்ன? முற்பணம் 6 இலட்சம், பிறகு மாதம் 78,000 வீதம் 60 மாதம். நிலையான வைப்பில் இருக்கும் 6 இலட்சம்தான் எங்கள் சேமிப்பு. விமானத்தில் ஒரு மணி நேரம்தான் என்று மச்சான் சொல்கிறார். எது நல்லது?

பதில்: தம்பி, வான் வேண்டாம். அம்மாவுக்கு மிச்சம் இருப்பது ஆறு பயணம்; நீங்கள் கையெழுத்துப் போடப்போவது அறுபது தவணைக்கு. ஆறு தடவையும் ஹயரில் போனாலே 3,30,000 ரூபாயோடு முடிந்துவிடும். லீசிங்கில் முற்பணத்தோடு 52,80,000 ரூபாய் போகும். டீசல், காப்புறுதி, டயர் எல்லாம் அதற்கு மேல். வருத்தக்காரர் வீட்டில் இருக்கும்போது சேமிப்பைத் துடைத்து எடுப்பதுதான் எனக்குப் பெரிய பயம்.

விமானத்தைப் பார்ப்போம். மட்டக்களப்பிலிருந்து கொழும்பு நேர்கோட்டில் சுமார் 220 கிலோமீற்றர்தான். பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று தரைவழியே போனால் 315க்குக் கிட்ட வரும், வான் வண்டியில் ஏழு மணி நேரம் பிடிக்கும். ஆனால் அந்த ஒரு மணி நேரம் பறக்கிற நேரம் மட்டும். புதூர் விமான நிலையத்துக்கு முன்கூட்டியே போக வேண்டும். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கினால் மகரகமவுக்கு மறுபடி வாகனம். அரை நாள் போய்விடும். டிக்கெட்டும் இரண்டு பேருக்கு. இன்னொன்று, இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்தால் மருந்து ஏற்றுவதைத் தள்ளிப்போடுவார்கள். அப்போது டிக்கெட் காசு திரும்பி வருமா என்று கேட்டுவிட்டே பதிவு செய்யுங்கள்.

வெள்ளை அணுக்களைப் பார்க்கும் இந்த இரத்தப் பரிசோதனையில்தான் உண்மையான சேமிப்பு இருக்கிறது. புறப்படுவதற்கு முன் மட்டக்களப்பிலேயே செய்து அறிக்கையைக் காட்டினால் ஏற்பார்களா என்று வைத்தியரிடம் கேளுங்கள். ஏற்றால், வீணாகப் போய்த் திரும்பும் ஒரு பயணமும் அம்மாவின் அலைச்சலும் மிச்சம். அதைவிட முக்கியமாக, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. மிச்ச மருந்தை இங்கே ஏற்ற முடியுமா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மூன்று தடவை இங்கே நடந்தால்கூட உங்கள் செலவு பாதி.

கொழும்புக்குப் போயே ஆக வேண்டிய நாட்களில், போகும்போது ஆசனம் பதிவு செய்து இரவு ரயிலில் போங்கள். விடியக் கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கி ஓட்டோவில் மகரகமவுக்குப் போகலாம். வரும்போது மட்டும் வான், ஏனென்றால் மருந்து ஏற்றிய உடம்பு படுத்து வர வேண்டும். வெளிநாடு போகிறவர்களைக் கட்டுநாயக்காவில் இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் நம்மூர் வான்கள் இருக்கின்றன. அந்தச் சாரதிகளிடம் கிளினிக் திகதியை முன்பே சொல்லி வைத்தால் குறைந்த காசுக்குப் பேசலாம்.

வைப்பை உடைக்கும் முன் வங்கியில் போய், அதன் மேல் கடன் எடுத்தால் எவ்வளவு வட்டி, இடையில் உடைத்தால் எவ்வளவு வட்டி இழப்பு என்று இரண்டையும் கேட்டுப் பாருங்கள். எந்த வழி குறைவோ அந்த வழியில் 3 இலட்சத்தை மட்டும் எடுத்து, அம்மாவின் பயணத்துக்கென்று தனிக் கணக்கில் போட்டு வையுங்கள்.