மாட்டு டாக்டர் பதில்கள்: சவுண்டல் தின்ற ஆடும், ஃப்ளாஸ்க்கில் வந்த மருந்தும்

கேள்வி: எங்கள் தோட்ட வரப்பு முழுக்கச் சவுண்டல் நிற்கிறது. ஆடுகளுக்கு அதைத்தான் ஒடித்துப் போடுகிறேன். "அதைத் தின்றால் மயிர் கொட்டிப்போகும், கழுத்து வீங்கும்" என்று பக்கத்துத் தோட்டத்து மாமா பயமுறுத்துகிறார். ஆறு வருடமாகப் போடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை. அவர் சொல்வது பொய்தானே? (வாசகர், உசிலம்பட்டி)

மாமா சொல்வதும் பொய்யில்லை, உங்கள் ஆடுகள் காட்டுவதும் பொய்யில்லை.

சவுண்டல் என்கிற சூபாபுல் மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த மரம். அதன் இலையில் மிமோசின் என்ற நஞ்சு இருக்கிறது. குதிரையும் முயலும் தின்றால் மயிர் கொட்டும். மாடு, ஆடு கதை வேறு. அவற்றின் பெருவயிற்றில் (நாலு அறை வயிற்றின் முதல் அறை) வாழும் நுண்ணுயிர்கள் மிமோசினை உடைத்துவிடும், ஆனால் பாதி வேலையில் நிறுத்திவிடும். மிச்சம் நிற்கிற டி.ஹெச்.பி. என்ற பொருள் தைராய்டு சுரப்பியைக் கெடுக்கும். ஆஸ்திரேலியாவில் சவுண்டலை வயிறு முட்ட மேய்ந்த மாடுகளுக்குக் கழுத்து வீங்கியது, எச்சில் ஒழுகியது, எடை ஏறவில்லை. மாமா சொல்வது இதைத்தான்.

அந்த நாட்டு ஆராய்ச்சியாளர் ரேமண்ட் ஜோன்ஸ் ஒன்றைக் கவனித்தார். ஹவாய்த் தீவில் ஆடுகள் அதே இலையை வருடம் முழுக்கத் தின்று நன்றாகவே இருந்தன. மரமும் ஒன்று, நஞ்சும் ஒன்று. அப்படியானால் வித்தியாசம் ஆட்டின் வயிற்றுக்குள்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தார். 1980களில் ஹவாய் ஆட்டின் வயிற்று நுண்ணுயிர்களைக் கொண்டுபோய் ஆஸ்திரேலியக் கால்நடைகளின் வயிற்றில் விட்டார்கள். டி.ஹெச்.பி. உடைந்தது, நோய் போனது. மந்தையில் சில மாடுகளுக்குக் கொடுத்தால் போதும், மற்றவற்றுக்குத் தானாகத் தொற்றிக்கொண்டது. அந்த வேலையைச் செய்த பாக்டீரியாவுக்கு 1992-ல் ஜோன்ஸ் பெயரையே சேர்த்து 'சினர்ஜிஸ்டிஸ் ஜோன்சியை' என்று பெயர் வைத்தார்கள். நோய்க்குப் பெயர் வைத்துப் போகிறவர்கள் உண்டு. மாட்டு வயிற்றில் குடியிருக்கும் நல்ல பூச்சிக்குத் தன் பெயரை விட்டுப் போக எத்தனை பேருக்குக் கொடுத்து வைத்திருக்கிறது?

உங்கள் மந்தையிலும் இப்படி ஒரு கூட்டாளி குடியேறியிருக்க வாய்ப்பு உண்டு. ஆனாலும் சந்தையில் புதிதாகப் பிடித்து வரும் ஆட்டுக்கு முதல் நாளே சவுண்டலை மட்டும் கட்டிப் போடாதீர்கள். மொத்தத் தழையில் மூன்றில் ஒரு பங்குக்குள் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். மற்ற ஆடுகளோடு அடைந்து கிடக்கும்போது மிச்சத்தை அவையே கற்றுக்கொடுத்துவிடும்.

இந்த வயிற்று நீர் வைத்தியத்தில் எனக்கும் சொந்த அனுபவம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் தீவனமே எடுக்காமல், அசைபோடாமல் நாலைந்து நாள் நின்ற மாடுகளுக்கு, நெல்பேட்டைப் பக்கம் கறிக்கடையில் அப்போதுதான் அறுத்த மாட்டின் பெருவயிற்று நீரை வாங்கி, வேட்டித் துணியில் வடிகட்டி, சூடு ஆறாமல் ஃப்ளாஸ்க்கில் கொண்டு போவேன். குழாய் வழியாக உள்ளே விட்டால், பல மாடுகள் மறுநாள் காலையில் வைக்கோலை முகர ஆரம்பித்துவிடும். பேருந்தில் என் பக்கத்து சீட்டு மட்டும் எப்போதும் காலியாக இருக்கும். அது வீட்டு டீ ஃப்ளாஸ்க் என்பது என் மனைவிக்குத் தெரிந்த அன்று நடந்ததை இங்கே எழுத முடியாது.

கேள்வி: ஜெர்சி கலப்பு மாடு. கறவை கூட வேண்டும் என்று கலப்புத் தீவனத்தை இரண்டு மடங்காக்கி, வைக்கோலைக் குறைத்தேன். பால் ஒரு லிட்டர் ஏறியது. ஆனால் கொழுப்பு 4.2-லிருந்து 3.1-க்கு இறங்கிவிட்டது. சங்கத்தில் "தண்ணி கலந்தியா" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்கள். மானம் போகிறது டாக்டர். (வாசகி, மேலூர்)

நீங்கள் தண்ணீர் கலக்கவில்லை அம்மா. தண்ணீர் கலந்தால் கொழுப்போடு மற்றத் திடப்பொருளின் அளவும் சேர்ந்து இறங்கும். உங்கள் சீட்டில் அந்த இரண்டாவது எண்ணைப் பாருங்கள், பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். அதைக் காட்டிப் பேசுங்கள்.

சரி, கொழுப்பு எங்கே போனது? நாம் போடும் வைக்கோலை மாடு நேரடியாகச் சீரணிப்பதில்லை. வயிற்று நுண்ணுயிர்கள் அதைப் புளிக்க வைத்து அமிலங்களாக்கித் தருகின்றன. நார்த் தீவனம் போட்டால் அசிட்டிக் அமிலம், அதாவது வினிகரில் இருக்கும் அதே அமிலம், அதிகமாகும். அதிலிருந்துதான் மடி கொழுப்பு செய்கிறது. மாவுத் தீவனம் போட்டால் புரோப்பியானிக் அமிலத்தின் பங்கு ஏறும். அதிலிருந்து சர்க்கரை, சர்க்கரையிலிருந்து பாலின் அளவு. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் நான் படித்த காலத்தில், வைக்கோல் குறைந்தால் அசிட்டிக் அமிலம் குறையும், அதனால் கொழுப்பு குறையும் என்று பாடம் முடிந்துவிட்டது. பரீட்சையில் அதை எழுதித்தான் நானும் பாஸானேன்.

அது அரைகுறை விடை என்பது பின்னால்தான் தெரிந்தது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டேல் பாமன் குழுவினர் 2000-ல் ஒரு வேலை செய்தார்கள். மாவு கூடி வயிற்றில் புளிப்பு ஏறும்போது நுண்ணுயிர்கள் தீவன எண்ணெயை வேறு வழியில் மாற்றி ஒரு தனி வகைக் கொழுப்பு அமிலத்தை உண்டாக்குகின்றன. அதை மட்டும் நாளைக்கு வெறும் 10 கிராம், பெருவயிற்றைத் தாண்டி நான்காம் அறைக்குள் நேரடியாகச் செலுத்திப் பார்த்தார்கள். பால் கொழுப்பு 40 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. மடியில் கொழுப்பு செய்யும் பட்டறைக்கே அது பூட்டுப் போடுகிறது. சரக்கு இருந்தும் வேலை நடக்காது.

ஆகவே வைக்கோலை மறுபடி ஏற்றுங்கள். விரல் நீளத்துக்கு வெட்டுங்கள், தூளாக்காதீர்கள். மாடு மென்றால்தான் எச்சில் ஊறும். நாளைக்கு நூறு லிட்டருக்கு மேல் ஊறும் அந்த எச்சிலில் இருக்கும் சோடா உப்புதான் புளிப்பை அடக்குகிறது. தீவனத்தை இரண்டு வேளைக்குப் பதிலாக நாலு வேளையாகப் பிரியுங்கள். பருத்திக்கொட்டை ஊறவைத்து அரைக்கிற வழக்கம் இருந்தால் விட வேண்டாம், அளவோடு இருக்கட்டும். (நமக்குப் பருத்திப்பால், மாட்டுக்குப் பருத்திக்கொட்டை. மதுரைக்காரர்களும் மாடுகளும் ஒரே உரலில் அரைத்துச் சாப்பிட்டவர்கள்தானே.) இரண்டு மூன்று வாரத்தில் எண் திரும்பும்.

கேள்வி: மாட்டுப் பொங்கலன்று அன்போடு ஒரு அண்டா பொங்கல் வைத்தோம். மறுநாள் மாடு படுத்துவிட்டது. பிழைத்தது பெரும்பாடு. சோறு விஷமா? (வாசகர், அலங்காநல்லூர்)

சோறு விஷமில்லை, திடீர்ச் சோறுதான் விஷம். வைக்கோலுக்குப் பழகிய வயிற்றில் ஒரே நாளில் அண்டா சோறு விழுந்தால், மாவைத் தின்னும் பாக்டீரியாக்கள் கட்டுக்கடங்காமல் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டும். வயிற்றின் பி.ஹெச். (புளிப்பு ஏற ஏற இறங்கும் அளவு) ஆறு ஏழிலிருந்து ஐந்துக்குக் கீழே சரியும். வயிறு வேலைநிறுத்தம் செய்துவிடும். உடம்புத் தண்ணீரெல்லாம் வயிற்றுக்குள் இழுக்கப்பட்டுக் கண் குழிவிழும். கல்யாண மண்டபத்து மிச்சச் சோற்றுக்கும் இதே கதைதான். ஒரு கைப்பிடி வாயில் ஊட்டிக் கும்பிட்டு விடுங்கள், மாடு கோவித்துக்கொள்ளாது.

அந்த மாதிரி நேரத்தில் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்குப் போன் போடுங்கள். தயவுசெய்து நீங்களே பாட்டிலால் எண்ணெய் புகட்டாதீர்கள். 1986-ல், பேரையூர் பக்கம் ஒரு கிராமத்தில் வயிறு உப்பிய பசுவுக்கு நாக்கை வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு கடலை எண்ணெய் ஊற்றினேன். நாக்கைப் பிடித்தால் மாட்டால் விழுங்க முடியாது என்பது தெரிந்தும், அவசரத்தில் செய்தேன். எண்ணெய் நுரையீரலுக்குப் போய்விட்டது. மூன்றாம் நாள் மாடு செத்தது. வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "டாக்டரய்யாவுக்கு காப்பி கொண்டா" என்று உள்ளே குரல் கொடுத்தார். அந்தக் காப்பியை நான் குடித்தேனா என்பது இன்றுவரை ஞாபகம் வரவில்லை.

கேள்வி: மாடு விடும் ஏப்பத்தால்தான் பூமி சூடாகிறதாமே? (வாசகர், தல்லாகுளம்)

அதனால் மட்டுமில்லை, அதனாலும்தான். ஒரு பெரிய மாடு நாளைக்கு 250 முதல் 500 லிட்டர் வரை, பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவை விடும். எனக்கு அதைவிட உறுத்துவது, தீவனத்தின் சக்தியில் 2 முதல் 12 சதவீதம் அந்த ஏப்பத்தோடு போய்விடுகிறது என்பது. காசு கொடுத்து வாங்கிய தீவனம் அல்லவா? பெங்களூரில் இருக்கும் தேசிய கால்நடை ஊட்டச்சத்து நிறுவனம் டானின் என்ற துவர்ப்புப் பொருள் உள்ள செடிகளிலிருந்து 'ஹரித் தாரா' என்று ஒரு கலவை செய்து, 17 முதல் 20 சதவீதம் குறைக்கலாம் என்கிறது. உங்கள் பைக்கை விற்றுவிட்டு மாட்டைக் குறை சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: மாட்டுக்கு நாலு வயிறு என்று டீச்சர் சொன்னாங்க. தாத்தா ஒண்ணுதான் என்கிறார். யார் சொல்வது சரி? மாடு தூங்கும்போதும் மெல்லுமா? (ஏழாம் வகுப்பு, திருமங்கலம்)

தம்பி, வயிறு ஒன்று, அறைகள் நாலு. இரண்டு பேரையும் சமாதானப்படுத்திவிடு. தாத்தாவோடு கறிக்கடைக்குப் போனால் பார்க்கலாம். துண்டு மாதிரி சொரசொரப்பாக இருப்பது முதல் அறை. தேன்கூடு மாதிரி இருப்பது இரண்டாவது. புத்தகத்தைப் பிரித்த மாதிரி ஏடு ஏடாக இருப்பது மூன்றாவது. நாலாவதுதான் நம்முடைய வயிறு மாதிரி அமிலம் சுரக்கும். பெரிய பசு மாட்டின் முதல் அறையில், வீட்டுக்கு வருகிறதே இருபது லிட்டர் தண்ணீர் கேன், அதில் ஐந்துக்கு மேல் ஊற்றலாம்.

ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் மாடு அசைபோடும், இரவில்தான் அதிகம். அரைத் தூக்கத்தில் கண் சொருகியபடியே மெல்லும். இன்றைக்கு ராத்திரி மாடு படுத்த பிறகு பக்கத்தில் உட்கார். கழுத்தின் இடது பக்கம் ஒரு உருண்டை மேலே ஏறும், மெல்ல ஆரம்பிக்கும், விழுங்கும், சில நொடி சும்மா இருக்கும், அடுத்த உருண்டை வரும். ஒரு உருண்டைக்கு எத்தனை தடவை மெல்கிறது என்று எண்ணு. நாற்பதிலிருந்து அறுபதுக்குள் வரவேண்டும். குறைந்தால் எனக்கு எழுது. காடியில் வைக்கோல் எவ்வளவு கிடந்தது என்பதையும் சேர்த்து எழுது.