அப்பா போனைத் தொடவே பயப்படறார், என்ன பண்றது?

கேள்வி: அப்பா அம்மா திருச்சில தனியா இருக்காங்க, நான் புனேல வேலை பாக்கறேன். அப்பாவுக்கு 71 வயசு, பொன்மலை ரயில்வே வொர்க்ஷாப்ல இருந்து ரிட்டையர் ஆனவர். போன மாசம், இன்னைக்கு ராத்திரி கரண்ட் கட் பண்ணிடுவோம்னு ஒரு மெசேஜ் வந்திருக்கு. அதுல இருந்த நம்பருக்கு போன் பண்ணி அவங்க சொன்ன ஆப்ப இன்ஸ்டால் பண்ற வரைக்கும் போயிட்டார், நல்லவேளை அம்மா பாத்து போன வாங்கி வச்சிட்டாங்க. நான் கோவத்துல ரொம்ப திட்டிட்டேன். அதுல இருந்து போனையும் தொடறதில்ல, நான் அனுப்பின பழைய லேப்டாப்பையும் திறக்கறதில்ல. எல்லாத்தையும் எடுத்துட்டு நானே இங்க இருந்து பாத்துக்கட்டுமா, இல்ல சொல்லிக்கொடுக்கணுமா?

பதில்: முதல்ல அவசரமானத சொல்லிடறேன். அந்த ஆப் இன்னும் போன்ல இருக்கான்னு இன்னைக்கே அம்மாவ பாக்க சொல்லுங்க. எனிடெஸ்க், டீம்வியூவர், குயிக்சப்போர்ட், ரஸ்ட்டெஸ்க் மாதிரி பேர்ல எது இருந்தாலும் அன்இன்ஸ்டால் பண்ணுங்க. இதெல்லாம் திருட்டு ஆப் கிடையாது, நம்ம ஸ்க்ரீன தூரத்துல இருக்கறவங்க பாக்கறதுக்கான சாதாரண ஆப்தான், ஆபீஸ்ல நீங்களே யூஸ் பண்ணியிருப்பீங்க, அதனாலதான் போனும் எந்த எச்சரிக்கையும் பெருசா குடுக்காது. அத திறந்து வச்சுக்கிட்டு, "பத்து ரூபா மட்டும் கட்டுங்க சார், பில் அப்டேட் ஆயிடும்"னு சொல்லுவாங்க, நம்ம டைப் பண்றதும் வர்ற ஓடிபியும் அந்தப் பக்கம் தெரியும். அப்பா எதாவது பின் நம்பர் போட்டிருந்தார்னா வேற போன்ல இருந்து பேங்குக்கு பேசி மாத்திடுங்க.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். எடுக்காதீங்க. ரிட்டையர் ஆனவங்களுக்கு பல வருஷமா ஸ்மார்ட்போன் சொல்லிக்குடுக்கற அனுபவத்துல சொல்றேன், ஏமாந்தவங்க யாருமே புத்தி கம்மியானவங்க இல்ல, ஆனா பாதிப் பேருக்கு மேல என்கிட்ட சொல்ற முதல் வார்த்தை "பையனுக்கு தெரிய வேணாம்"தான். இந்தத் திருடங்களுக்கு வேண்டியது அதுதான். எந்த மோசடிய வேணா எடுத்துப் பாருங்க, பெரியவங்கள தனியாக்கி, போன வைக்கவிடாம, யார்கிட்டயும் சொல்லவிடாம பண்றதுதான் அவங்க தொழிலே. நாம திட்டும்போது அந்த வேலைல பாதிய நாமே முடிச்சுக் குடுத்துடறோம். அதனால ஆப்பு, லாக்கு எல்லாத்துக்கும் முன்னாடி நீங்க பண்ண வேண்டியது அப்பாவுக்கு போன் பண்ணி, அன்னைக்கு திட்டினது தப்புன்னு சொல்றது, இனிமே என்ன நடந்தாலும், பணமே போனாலும், முதல் போன் எனக்குத்தான் வரணும், நான் ஒரு வார்த்தை கோவிச்சுக்க மாட்டேன்னு வாக்கு குடுக்கறது. அந்த வாக்க காப்பாத்தவும் செய்யணும்.

அதுக்கப்புறம் அந்த ஈபி மெசேஜையே எடுத்து வச்சுக்கிட்டு அவரோட உக்காந்து பாருங்க, வீடியோ கால்லன்னாலும் பரவாயில்ல. இந்த மெசேஜ் நாடு முழுக்க ஒரே மாதிரி சுத்தறது, "போன மாச பில் அப்டேட் ஆகல, இன்னைக்கு ராத்திரி 9.30 மணிக்கு கனெக்‌ஷன் கட்"னு இருக்கும். நம்ம ஊர்ல வீட்டுக்கு கரண்ட் பில் ரெண்டு மாசத்துக்கு ஒருதடவதானே, அப்ப போன மாச பில்லு எங்க இருந்து வந்துச்சு? அதுல உங்க சர்வீஸ் நம்பர் இருக்கா? ராத்திரி ஒன்பதரைக்கு லைன்மேன் வந்து ஃபியூஸ புடுங்குவாரா? இத நீங்க சொல்லாதீங்க, அவர கேளுங்க, அவரே கண்டுபிடிக்கட்டும். முப்பது வருஷத்துக்கு மேல வொர்க்ஷாப்ல மிஷின்ல எங்க கோளாறுன்னு தேடிப் பாத்த ஆளுக்கு இது கஷ்டமே இல்ல, கண்டுபிடிச்சதும் அந்தக் கூச்சம் பாதி போயிடும்.

பணத்துக்கு வருவோம், இதுல நான் கொஞ்சம் கறாரா இருப்பேன். பென்ஷன் வர்ற அக்கவுண்ட்ல ஜீபே, போன்பே எதுவுமே வேணாம். இன்னொரு சின்ன சேவிங்ஸ் அக்கவுண்ட் திறந்து, யூபிஐய அதுல மட்டும் வச்சு, மாசம் ஒரு நாலாயிரம் அஞ்சாயிரம் அதுல போட்டு வைங்க, மளிகை, மருந்து, கரண்ட் பில் எல்லாம் அதுல இருந்து போகட்டும். என்ன தப்பு நடந்தாலும் அந்த அஞ்சாயிரத்தோட நிக்கும், இது அவருக்கே பெரிய தைரியம் குடுக்கும், தப்பு பண்ணிடுவோமோங்கற பயம் இல்லாம கத்துக்குவார். பென்ஷன் அக்கவுண்ட் ஏடிஎம் கார்டுல ஆன்லைன் பரிவர்த்தனை, வெளிநாட்டு பரிவர்த்தனை ரெண்டையும் ஆஃப் பண்ணி வைக்கலாம், பேங்க் ஆப்லயோ பிராஞ்ச்லயோ முடியும்.

யூபிஐ சொல்லிக்குடுக்க நான் பண்றது ஒண்ணேதான். நீங்க அவருக்கு ஒரு ரூபா அனுப்புங்க, வந்துச்சான்னு கேளுங்க, பின் கேட்டுச்சான்னு கேளுங்க. கேக்காது. அப்புறம் அவர உங்களுக்கு ஒரு ரூபா அனுப்ப சொல்லுங்க, இப்ப பின் கேக்கும். இத நாலு நாள் செஞ்சா போதும், பணம் வர்றதுக்கு பின் வேணாம், பின் போட்டா பணம் போகும்னு கை மூலமா மனசுல ஏறிடும். நாளைக்கு ஒருத்தன் "ரீஃபண்ட் வந்திருக்கு, க்யூஆர ஸ்கேன் பண்ணி பின் போடுங்க"ன்னு சொன்னா அவருக்கே இடிக்கும்.

போன்ல நீங்க ஒருதடவ ஊருக்கு போகும்போது பண்ணி வைக்க வேண்டியது சிலது இருக்கு. செட்டிங்ஸ்ல இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்னு ஒரு இடம் இருக்கும், அதுல வாட்ஸப், குரோம், ஃபைல்ஸ் எல்லாத்துக்கும் அனுமதிய ஆஃப் பண்ணுங்க, ஏன்னா இப்ப கல்யாணப் பத்திரிகைன்னும் டிராஃபிக் ஃபைன்னும் வாட்ஸப்ல வர்ற ஏபிகே ஃபைல்தான் (பிளே ஸ்டோர் இல்லாம நேரா ஆப்ப இன்ஸ்டால் பண்ற ஃபைல்) பெரிய தலைவலி, அத இன்ஸ்டால் பண்ணினா எஸ்எம்எஸ் எல்லாத்தையும் படிச்சு ஓடிபிய அனுப்பிடும். தெரிஞ்ச சொந்தக்காரர் நம்பர்ல இருந்தே வரும், ஏன்னா அவர் போன் ஏற்கனவே மாட்டியிருக்கும். வாட்ஸப்ல டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் ஆறு இலக்க பின் போட்டு வைங்க, பிரைவசில கால்ஸுக்குள்ள போய் சைலன்ஸ் அன்நோன் காலர்ஸ ஆன் பண்ணுங்க. எழுத்து சைஸ பெருசாக்குங்க, கீபோர்டுல தமிழ் வாய்ஸ் டைப்பிங் காமிங்க, அது தெரிஞ்சதும் எத்தனையோ பேர் முகம் மலர்றத பாத்திருக்கேன்.

வீடியோ கால்ல போலீஸ் டிரெஸ்ல வந்து "உங்க பேர்ல பார்சல்ல போதைப்பொருள் வந்திருக்கு, நீங்க டிஜிட்டல் அரெஸ்ட்ல இருக்கீங்க, கேமராவ விட்டு நகரக்கூடாது"ன்னு மிரட்டறது பத்தி கண்டிப்பா பேசுங்க. அப்படி ஒரு அரெஸ்ட் நம்ம சட்டத்துலயே கிடையாது. ஹரியானா அம்பாலால ஒரு வயசான தம்பதிகிட்ட உச்ச நீதிமன்ற உத்தரவுன்னு போலிய காமிச்சே ஒரு கோடிக்கு மேல புடுங்கிட்டாங்க, 2025 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் அத தானாவே முன்வந்து வழக்கா எடுத்துச்சு. வாழ்நாள் முழுக்க நேர்மையா இருந்த மனுஷங்கதான் கேஸ்னு சொன்னதும் அதிகமா நடுங்குவாங்க, அப்பா மாதிரி ஆளுங்க. அதனால வீட்ல ஒரு பழக்கம் வைங்க: "யார்கிட்டயும் சொல்லாதீங்க"ன்னு எவன் சொன்னாலும் உடனே கால கட் பண்ணிட்டு உங்களுக்கு போன் பண்ணணும். மத்தத எல்லாம் மறந்தாலும் இது ஒண்ணு ஞாபகம் இருந்தா போதும்.

லேப்டாப் பத்தி. பழசுன்னு சொல்றீங்க, விண்டோஸ் 10ஆ இருந்தா மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஓட அதுக்கான சப்போர்ட்ட நிறுத்திட்டாங்க, 11க்கு மாத்த முடியுமான்னு பாருங்க, முடியலன்னா அதுல பேங்க் வேலை வேணாம், பாட்டு, யூட்யூப், பேப்பர் படிக்கறதோட இருக்கட்டும். அவருக்கு அட்மின் இல்லாத ஸ்டாண்டர்ட் அக்கவுண்ட் போட்டுக் குடுங்க, பாஸ்வேர்டு கேக்காம புது சாஃப்ட்வேர் நுழையறது கஷ்டம். திடீர்னு சைரன் மாதிரி சத்தத்தோட "உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ், இந்த நம்பருக்கு கூப்பிடுங்க"ன்னு வந்தா, நிஜமான மைக்ரோசாஃப்ட் எச்சரிக்கைல போன் நம்பரே இருக்காது, பவர் பட்டன அழுத்தி ஆஃப் பண்ணிடலாம், ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லி வைங்க. டபுள் கிளிக் கை நடுக்கத்துல வரலன்னா ஒரு கிளிக் பண்ணிட்டு என்டர் தட்டட்டும்.

சொல்லிக்குடுக்கும்போது மவுச நீங்க வாங்காதீங்க. ஒரு நாளைக்கு ஒரு விஷயம், அவர் கையாலயே, அவர் பாஷைலயே ஒரு நோட்டுல எழுதிக்கட்டும். பாஸ்வேர்ட நோட்டுல எழுதக்கூடாதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல, பீரோவுக்குள்ள இருக்கற நோட்ட ஆன்லைன் திருடன் எடுக்க முடியாது, எல்லாத்துக்கும் பேரன் பேரையே பாஸ்வேர்டா வைக்கறதுக்கு அது எவ்வளவோ மேல். ஏடிஎம் பின், யூபிஐ பின் மட்டும் எழுத வேணாம்.

அந்த நோட்டோட முதல் பக்கத்துல பெரிய எழுத்துல உங்க நம்பர், பாஸ்புக்ல இருந்து பாத்து பேங்க் நம்பர், அப்புறம் 1930. கஸ்டமர் கேர் நம்பர கூகுள்ல தேடவே கூடாது, போலி நம்பர்தான் நிறைய மேல வருது. 1930ங்கறது சைபர் நிதி மோசடிக்கான அரசு ஹெல்ப்லைன், பணம் போன உடனே கூப்பிட்டா அது அடுத்தடுத்த அக்கவுண்டுக்கு மாறறதுக்குள்ள நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு, அதனால ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம், டிரான்சாக்‌ஷன் நம்பரும் நேரமும் கைல இருக்கணும். பேங்குக்கும் உடனே சொல்லணும். நம்ம பக்கமும் பேங்க் பக்கமும் தப்பில்லாம பணம் போயிருந்தா, மூணு வேலை நாளுக்குள்ள சொன்னா நமக்கு நஷ்டம் கிடையாதுன்னு ரிசர்வ் பேங்க் 2017லயே விதி போட்டிருக்கு, ஆனா நாமே ஓடிபிய குடுத்திருந்தா பேங்க்ல சொல்ற வரைக்கும் போனது நம்ம தலைலதான்.

நவம்பர்ல அப்பா லைஃப் சர்டிஃபிகேட் குடுக்கணும் இல்லையா, அந்த சமயத்துல பென்ஷன் ஆபீஸ்னு சொல்லி பென்ஷன் ஆர்டர்ல இருக்கற பிபிஓ நம்பரக்கூட கரெக்டா சொல்லி ஓடிபி கேக்கற போன் நிறைய வரும், நிஜத்துல யாரும் போன் பண்ணி அத கேக்க மாட்டாங்க. இந்தத் தடவ நீங்க லீவு போட்டு வாங்க, லைஃப் சர்டிஃபிகேட்டுக்கான அரசோட ஜீவன் பிரமாண் ஆப்ல முகத்தக் காட்டி வீட்லயே பண்ணிடலாம், ஆனா போன அவர் கைல குடுத்து அவரையே பண்ண விடுங்க. அவர் சரியா பண்ணிட்டார்னா, வொர்க்ஷாப் சிநேகிதங்க நாலு பேருக்கு அடுத்த வாரமே அவரே போய் சொல்லிக்குடுப்பார்.