செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸ்: பதினெட்டு ஹோல்களையும் எப்படி ஆடுவது?

வாசகர் ஒருவரின் கேள்வி: "செப்டம்பரில் ஸ்காட்லாந்து செல்கிறேன். செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸ் மைதானத்தில் ஒரு சுற்று கோல்ஃப் ஆட இடம் கிடைத்திருக்கிறது. என் ஹேண்டிகேப் 18. டிரைவரில் (நீண்ட தூரம் அடிக்கும் மட்டையில்) நன்றாக அடித்தால் 200 கஜம் போகும். இதுவரை சென்னையில் மட்டுமே ஆடியிருக்கிறேன். ஒவ்வொரு ஹோலையும் எப்படி ஆடினால் 90 அடிகளில் முடிக்க முடியும்?"

அந்த மைதானத்தின் பார், அதாவது தேர்ந்த ஆட்டக்காரரிடம் எதிர்பார்க்கப்படும் அடிகளின் எண்ணிக்கை, 72. ஹேண்டிகேப் 18 என்றால் அதைவிட ஏறக்குறைய 18 அடி கூடுதலாக எடுப்பவர் என்று பொருள். ஒவ்வொரு ஹோலிலும் ஒரு போகி (பாரைவிட ஓர் அடி கூடுதல்) எடுத்தால் கணக்கு சரியாக 90-இல் வந்து நிற்கும். அதாவது, ஒவ்வொரு ஹோலிலும் ஓர் அடி உங்கள் கையில் உபரியாக இருக்கிறது. அந்த ஓர் அடியை எந்த இடத்தில் செலவிடுவது என்பதை டீயில் (ஹோலின் முதல் அடியை அடிக்கும் இடத்தில்) நிற்கும்போதே முடிவு செய்துவிட்டால் ஓல்ட் கோர்ஸ் உங்களுக்கு இடம் கொடுக்கும். முடிவு செய்யாமல் அடித்தால் அங்குள்ள 112 பங்கர்களில் (மணல் குழிகளில்) ஏதோ ஒன்று அந்த முடிவை உங்களுக்காக எடுத்துவிடும். கீழே எழுதியிருப்பது அனைத்தும் இந்த ஒரே கணக்கை ஒட்டியதுதான். (பங்கரையும் நாம் குழி என்று சொல்வதால், மயக்கம் வராமல் இருக்க 'ஹோல்' என்றே எழுதுகிறேன்.)

முதலில் தரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் புல் தடித்தது. பந்து விழுந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி நின்றுவிடும். அங்கே கடலோர மணல் நிலத்தில் ஒட்ட வெட்டிய மெல்லிய புல், அதனடியில் கெட்டித் தரை. விழுந்த பந்து முப்பது நாற்பது கஜம் உருண்டோடுவது சாதாரணம். ஆகவே கிரீனுக்கு (கொடி நட்ட இறுதிக் குழி இருக்கும் புல்தரைக்கு) வெளியே இருபது கஜம், முப்பது கஜம் தள்ளி நின்றாலும், பந்தை உயரத் தூக்கும் வெட்ஜைத் தொடாமல், தரையோடு உருட்டும் பட்டரை எடுங்கள். பங்கர்களோ புல்கட்டிகளை அடுக்கிச் செங்குத்தாக எழுப்பிய சுவர் கொண்டவை. அவற்றுக்குள் பந்து சுவரோரம் கிடந்தால் கொடியை மறந்துவிட்டுப் பக்கவாட்டிலோ பின்னோக்கியோ அடித்து வெளியேறுவதே முறை. அதற்கும் வழியில்லை என்றால், ஓர் அடித் தண்டனையுடன் பங்கருக்குள்ளேயே வேறிடத்திலும், இரண்டு அடித் தண்டனையுடன் பங்கருக்கு வெளியே பின்னால் ஓரிடத்திலும் பந்தைப் போட்டுக்கொள்ள விதி இடம் தருகிறது. 2000-ஆம் ஆண்டு இங்கே நடந்த ஓப்பன் (பிரிட்டிஷ் ஓப்பன்) போட்டியில் டைகர் வுட்ஸ் நான்கு சுற்றுகளின் 72 ஹோல்களிலும் ஒரு பங்கரில்கூட விழாமல், 8 அடி வித்தியாசத்தில் வென்றார். அவருடைய பலத்தை நாம் பின்பற்ற முடியாது. அந்த ஒதுங்கலைப் பின்பற்றலாம்.

அடுத்தது திசை. போகும் ஹோல்களும் திரும்பும் ஹோல்களும் அருகருகே ஓடுவதால், ஏறக்குறைய எப்போதும் உங்கள் வலப்பக்கத்தில் முட்புதரோ எல்லைச் சுவரோ இருக்கும். இடப்பக்கத்தில் இன்னொரு ஹோலின் ஃபேர்வே (டீக்கும் கிரீனுக்கும் இடையிலுள்ள, ஒட்ட வெட்டிய புல்வெளி) விரிந்து கிடக்கும். எனவே டீயிலிருந்து இடப்பக்கம் என்பது பொது விதி. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு: இடப்பக்கத்திலிருந்து பார்த்தால் பெரும்பாலான கிரீன்களில் கொடிக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு பங்கரோ மேடோ வந்து நிற்கும். உபரியாக இருக்கிறது என்று சொன்னேனே, அந்த ஓர் அடியைக் கொடுக்க வேண்டிய இடம் பெரும்பாலும் அதுதான். இன்னொன்று, பதினான்கு ஹோல்கள் ஏழு பெரிய கிரீன்களைப் பகிர்ந்துகொள்கின்றன; ஜோடி எண்களைக் கூட்டினால் 18 வரும். போகும்போது வெள்ளைக் கொடி, திரும்பும்போது சிவப்புக் கொடி என்று நினைவில் வையுங்கள்.

கீழே தரும் தூரங்கள் மெடல் டீயிலிருந்து கணக்கிட்டவை. மொத்தம் 6,721 கஜம். உங்களை அதற்கு முன்னால் உள்ள டீயில் ஆடச் சொன்னால் ஒவ்வொன்றிலும் சிறிது குறைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஹோல் 376 கஜம். பதினெட்டாவது ஹோலுடன் சேர்ந்த ஃபேர்வே மிக அகலமானது. ஒரு பங்கர்கூட இல்லை. ஆபத்து ஒன்றே ஒன்று, கிரீனின் வாசலிலேயே ஓடும் சுவில்கன் ஓடை. டிரைவருக்குப் பிறகு உங்களுக்கு 175 கஜம் மீதமிருக்கும். காற்று எதிரே வீசினால் ஓடையைத் தாண்ட முயல வேண்டாம். இரண்டாவது அடியை 100 கஜத்துக்கு வைத்து, மூன்றாவதை வெட்ஜால் தூக்கிப் போடுங்கள். ஓடைக்குள் விழுவதைவிடக் கிரீனின் பின்பாதியில் நிற்பது எவ்வளவோ மேல்.

இரண்டாவதில் (411) இடப்பக்க விதியை அளவோடு கடைப்பிடியுங்கள், ஏனெனில் அந்தப் பக்கம் சீப்ஸ் பங்கர் காத்திருக்கிறது. மூன்றாவதில் (370) கிரீனின் முன் இடப்பக்கத்தைக் கார்ட்கேட் பங்கர் அணைத்துக் கிடக்கிறது; கொடி அதற்குப் பின்னால் இருந்தாலும் கிரீனின் வலப்பாதிக்கே அடியுங்கள்.

நான்காவதன் பெயர் ஜிஞ்சர் பீர். டா ஆண்டர்சன் என்பவர் அங்கே வண்டி வைத்து ஜிஞ்சர் பீர் விற்றதால் வந்த பெயர் அது. 419 கஜம் என்பதால் உங்களால் இரண்டு அடிகளில் எட்ட முடியாது. அதுவே உங்களுக்கு நன்மை. வலப்பக்கத்துக் குறுகிய பள்ளத்தாக்கை நீண்ட தூரம் அடிப்பவர்களுக்கு விட்டுவிட்டு இடப்பக்கம் போங்கள். கிரீனுக்கு முன்னால் உள்ள மேட்டுக்குச் சற்று முன்பே இரண்டாவது அடியை நிறுத்தி, அங்கிருந்து கிரீனுக்கு ஏற்றுங்கள். ஐந்தாவது (514, பார் 5) வலப்பக்கம் ஏழு பங்கர்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. 'செவன் சிஸ்டர்ஸ்' என்பார்கள். இங்கேயும் இடப்பக்கமே. ஆனால் கிரீன் மிகப் பெரியது. கொடி முன்னால் இருப்பதற்கும் பின்னால் இருப்பதற்கும் மூன்று கிளப் (மட்டை) வித்தியாசம் வரும் என்பதால், கொடி இருக்கும் ஆழத்தைக் கேடியிடம் (மட்டைப் பையைச் சுமந்து வழி சொல்லும் உதவியாளரிடம்) கேட்காமல் அடிக்க வேண்டாம்.

ஆறாவதில் (374) டீயிலிருந்து ஃபேர்வே தெரியாது. இங்கே மட்டும் இடப்பக்கம் அதிகம் ஒதுங்கினால், ஆறுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவே கிடக்கும் காஃபின்ஸ் பங்கர்களில் போய் விழுவீர்கள். கேடி காட்டும் குறியை நம்பி அடிப்பதுதான் வழி. ஏழாவது (359) வலப்பக்கம் வளைந்து, பதினொன்றாவது ஹோலைக் குறுக்கே வெட்டிச் செல்கிறது. எதிரே ஆடுபவர்களைப் பார்த்து நிதானமாக நில்லுங்கள். கிரீனுக்கு முன்னே அகன்று கிடக்கும் ஷெல் பங்கரைத் தாண்ட ஒரு கிளப் கூட்டி, அதாவது இன்னும் தூரம் போகும் மட்டையால், அடிக்க வேண்டும்.

எட்டு (166, பார் 3), ஒன்பது (347), பத்து (340) ஆகிய மூன்றும் மூச்சு விடும் இடங்கள். பார் எடுக்க வாய்ப்பிருந்தால் அது இங்கேதான். எட்டாவதில் முன்னே உள்ள பங்கரைத் தாண்டி நீளமாக அடியுங்கள். ஒன்பதாவதில் ஃபேர்வேயின் நடுவிலுள்ள பங்கர்களுக்கு முன்பே நிறுத்தினால், தட்டையான கிரீனுக்குப் பந்தை உருட்டியே கொண்டுபோகலாம். பத்தாவதற்கு, 1971-இல் மறைந்த அமெரிக்க ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். அங்கேயும் உருட்டி ஏற்றுவதே நல்லது.

அதே பாபி ஜோன்ஸ் 1921-இல் தன் முதல் ஓப்பனை விட்டு விலகியது அடுத்த ஹோலில்தான். பதினொன்றாவது 174 கஜமுள்ள பார் 3. இடப்பக்கம் ஆழமான ஹில் பங்கர், முன் வலப்பக்கம் ஸ்ட்ராத் பங்கர். கிரீனோ பின்னாலிருந்து முன்னுக்குக் கடுமையாகச் சரிகிறது. மூன்றாவது சுற்றில் ஜோன்ஸ் ஹில் பங்கருக்குள் சிக்கித் தவித்து ஆட்டத்தைக் கைவிட்டார். பின்னர் 1927-இல் அதே மைதானத்தில் ஓப்பனை வென்று, அந்த ஊரின் அன்புக்கு உரியவரானார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஸ்ட்ராத்துக்குச் சற்று முன்பே நிற்கும்படி ஒரு கிளப் குறைத்து அடியுங்கள். அங்கிருந்து பட்டரால் பங்கரைச் சுற்றி மேட்டில் ஏற்றி இரண்டாவது பட்டில் (பட்டரால் உருட்டும் அடியில்) முடித்தால் பார், மூன்றில் முடித்தால் போகி. நீளமாக அடித்துக் கொடிக்கு மேலே நின்றால், கீழ்நோக்கிப் போடும் பட் கிரீனை விட்டே இறங்கிவிடக்கூடும்.

பன்னிரண்டாவது (316) பார்வைக்கு எளிய ஹோல். டீயில் நின்றால் ஒரு பங்கரும் கண்ணில் படாது. கிரீனை அடைந்து திரும்பிப் பார்த்தால்தான் ஃபேர்வேயின் நடுவே அவை வாய் திறந்து கிடப்பது தெரியும். பழைய காலத்தில் இந்த மைதானத்தை எதிர்த்திசையிலும் ஆடினார்கள்; அந்தத் திசையில் வருபவருக்கு அவை நன்றாகவே தெரியும். டிரைவரைப் பையிலேயே விட்டுவிட்டு, முதல் பங்கருக்கு எத்தனை கஜம் என்று கேடியிடம் கேட்டு, அதற்குள் நிற்கும் கிளப்பை எடுங்கள். பதின்மூன்றாவதில் (418) காஃபின்ஸ் மீண்டும் வருகின்றன. அவற்றுக்கு இடப்பக்கம், ஆறாவது ஹோலின் ஃபேர்வேயில் விழுந்தால் அடுத்த அடிக்கு வழி தெரியும்.

பதினான்காவது 530 கஜம், பார் 5. வலப்பக்கம் எல்லைச் சுவர். இடப்பக்கம் பியர்டீஸ் என்னும் பங்கர் கூட்டம். நடுவே எலீசியன் ஃபீல்ட்ஸ் என்னும் சமவெளி. அதைத் தாண்டியதும் ஆளை மறைக்கும் ஆழமுள்ள ஹெல் பங்கர். 1995-இல் ஜாக் நிக்லாஸ் அதிலிருந்து வெளியேற நான்கு அடிகள் எடுத்து, அந்த ஹோலை 10-இல் முடித்தார். 200 கஜம் அடிக்கும் ஒருவர் இதைத் தாண்ட முயல்வதில் பொருளில்லை. முதல் அடியைச் சமவெளியில் வையுங்கள். இரண்டாவதை இடப்பக்கம் திருப்பி, ஐந்தாவது ஹோலின் ஃபேர்வேக்குப் போய்விடுங்கள். மூன்றாவதால் கிரீனை நெருங்குங்கள். கிரீனின் முன்கரை செங்குத்து, அதன் பின் தரை விலகிச் சரிகிறது. தூக்கிப் போட்ட பந்து பின்னால் ஓடிவிடும். ஆகவே நான்காவதையும் உருட்டுங்கள். இரண்டு பட்டில் ஆறு.

பதினைந்தாவதில் (414) தொலைவில் தெரியும் தேவாலயக் கோபுரத்தைக் குறியாகக் கொள்ளுங்கள். பதினாறாவதில் (381) பழைய ரயில் பாதை இருந்த வலப்பக்கம் எல்லைக்கு வெளியே. ஃபேர்வே நடுவே 'பிரின்சிபல்ஸ் நோஸ்' என்ற மூன்று பங்கர்கள். அவற்றுக்கும் வேலிக்கும் இடையிலுள்ள சந்தில் பந்தை நுழைக்க ஆசை வரும். அந்த ஆசையை அடக்கி இடப்பக்கம் போங்கள்.

பதினேழாவது, ரோட் ஹோல், 455 கஜம், பார் 4. இதைப் பார் 5 என்றே மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய ரயில் கொட்டகையின் வடிவிலுள்ள சுவருக்கு மேலே, ஹோட்டல் ஓரமாக டிரைவர் அடிப்பதுதான் நேர்வழி. நீங்கள் அதற்கு இடப்பக்கமாக அடியுங்கள். கிரீன் குறுகலாகவும் சாய்வாகவும் கிடக்கிறது: முன்னே ரோட் பங்கர், பின்னே சாலையும் கற்சுவரும். சாலையில் பந்து நின்றால் சலுகை கிடையாது, அங்கிருந்தே அடிக்க வேண்டும். 1978-இல் ஜப்பானின் டாமி நகாஜிமா இரண்டு அடிகளில் கிரீனை எட்டியும், பட் போட்ட பந்து பங்கருக்குள் இறங்கி, 9-இல் முடித்தார். 1984-இல் டாம் வாட்சன் இரண்டாம் எண் அயர்ன் (இரும்பு மட்டை) கொண்டு அடித்த பந்து சுவரோரம் போய் நின்றது. அந்த ஓப்பன் செவ் பயஸ்டெரோஸ் கைக்குப் போயிற்று. 2022-இல் கேமரன் ஸ்மித் பங்கருக்கு முன்னால் நின்று, பட்டரால் அதன் ஓரத்தைச் சுற்றி பந்தை ஏற்றிப் பார் எடுத்து வென்றார். இந்த மூன்றாவது வழியே உங்கள் வழி. இரண்டாவது அடியைப் பாதுகாப்பாக முன்னே தள்ளுங்கள், மூன்றாவதைக் கிரீனின் முன் வலப்பக்க வாசலில் நிறுத்துங்கள், அங்கிருந்து பட்டர். கொடி பங்கருக்குப் பின்னால் இருந்தால் அதைப் பார்க்கவே வேண்டாம்.

பதினெட்டாவதில் (357) கிளப் ஹவுஸின் கடிகாரத்தை நோக்கி அடியுங்கள்; வலப்பக்க வேலியை மட்டும் தவிருங்கள். கிரீனின் முன்னே 'வேலி ஆஃப் சின்' என்ற பள்ளம். 1995-இல் காஸ்டன்டினோ ராக்கா அந்தப் பள்ளத்திலிருந்தே பட் போட்டு உள்ளே இறக்கி, ஜான் டேலியுடன் சமநிலைக்கு வந்தார். நீங்கள் ஒரு கிளப் கூட்டி அடித்து, கிரீனின் நடுவுக்குப் போய்விடுங்கள்.

இனி ஆட்டத்துக்கு முன் செய்ய வேண்டியவை. ஆட்டத்துக்கு முந்தைய நாள், மைதானத்தின் பக்கத்திலேயே உள்ள 'ஹிமாலயாஸ்' என்ற பட்டிங் மைதானத்தில் மேடு பள்ளங்களுக்கு மேல் நீண்ட பட்களை ஒரு மணி நேரம் பழகுங்கள். அது பொதுமக்களுக்கும் திறந்திருக்கும் இடம். ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கமாக ஓல்ட் கோர்ஸில் ஆட்டம் இல்லை. ஊர் மக்கள் நாய்களுடன் உலவுவார்கள். உங்கள் பயணத்தில் ஆட்டத்துக்கு முன் ஒரு ஞாயிறு வந்தால், பதினெட்டாவது கிரீனிலிருந்து தொடங்கிப் பன்னிரண்டாவது டீ வரை பின்னோக்கி நடந்து, ஒவ்வொரு கிரீனிலும் நின்று டீயைத் திரும்பிப் பாருங்கள். டீயிலிருந்து தெரியாத பங்கர்களின் இடத்தை ஒரு சிறு நோட்டில் கோடிட்டு வைத்துக்கொண்டால், ஆட்ட நாளில் கேடி சொல்லும் ஒவ்வொரு குறிக்கும் காரணம் உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும்.