மாறும் வட்டியா, நிலையான வட்டியா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, செப்டம்பரில் டொரண்டோ வருகிறீர்கள். குளிருடுப்பை ஊரிலேயே வாங்கலாமா, மாத மளிகைக்கு எவ்வளவு ஆகும், ஓராண்டுக்குள் வீடு வாங்கினால் மாறும் வட்டியா நிலையான வட்டியா என்று கேட்டிருக்கிறீர்கள். உடுப்பை இங்கே வந்து வாங்குங்கள். சரி, வட்டிக்கு வருகிறேன். மாறும் வட்டி என்றால் மத்திய வங்கி வட்டியோடு சேர்ந்து ஏறி இறங்கும்; நிலையான வட்டி ஒப்பந்தக் காலம் முழுக்க மாறாது.

2020 ஜூலையில் கனடா மத்திய வங்கி ஆளுநர் டிஃப் மேக்லம், வட்டி மிகக் குறைவு, நெடுநாள் அப்படியே இருக்கும் என்றார். அப்போது மத்திய வங்கி வட்டி 0.25 சதவீதம். அதை நம்பி அடுத்த ஆண்டு மாறும் வட்டியில் வீடு வாங்கினேன். நம் கடன் வட்டியோடு 2 சதவீதம் கூட்டியது அல்லது 5.25 சதவீதம், எது அதிகமோ அந்த வட்டியிலும் கட்ட முடியுமா என்று பார்த்துத்தான் இங்கே கடன் தருவார்கள். அதில் தேறியவன்தான் நானும்.

2022 மார்ச்சில் மத்திய வங்கி வட்டியை ஏற்ற ஆரம்பித்தார்கள். ஜூலையில் ஒரே நாளில் முழுதாக ஒரு சதவீதம். அடுத்த ஜூலையில் அது 5 சதவீதம். என் கடன் வட்டி அந்த 5.25ஐயே தாண்டிவிட்டது. மாதத் தவணை மட்டும் மாறவில்லை, அதனால் நானும் கண்டுகொள்ளவில்லை. அசலுக்குப் போவது தேய்ந்து தேய்ந்து, கட்டுவது மொத்தமும் வட்டிக்கே போனபோதுதான் வங்கிக் கடிதம் வந்தது. மனைவி அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள், இன்னும் கிழிக்கவில்லை.

2025 அக்டோபரில் மத்திய வங்கி வட்டி 2.25க்கு இறங்கியதும், வந்த ஆண்டே வீடு வாங்கும் நம்ம ஐ.டி. பிள்ளைகள் 'இனி ஏறாது அண்ணே' என்கிறார்கள். தூக்கம் வேண்டுமென்றால் ஐந்தாண்டு நிலையான வட்டி எடுங்கள்.

மளிகைக்குத் தொகை சொல்ல மாட்டேன், வீட்டுக்கு வீடு வேறு. ஆனால் பணவீக்கம் குறைந்தது என்று செய்தியில் கேட்டுவிட்டுக் கடைக்குப் போனால் ஏமாறுவீர்கள். 2022 செப்டம்பரில் மளிகை விலை ஓராண்டில் 11.4 சதவீதம் ஏறியது, 1981க்குப் பிறகு அவ்வளவு வேகம் இல்லை. அப்புறம் வேகம்தான் குறைந்தது, ஏறிய விலை ஏறியதுதான். 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதியை நிறுத்தியபோது, தடையே இல்லாத புழுங்கலையும் நம்மவர்கள் மூட்டை மூட்டையாக அள்ளினார்கள். நானும் நான்கு மூட்டை. இரண்டில் வண்டு.

2004இல் டொரண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு பேஸ்மென்டில் இறங்கினேன். எதைப் பார்த்தாலும் ரூபாயில் பெருக்கி, தக்காளியைக்கூடத் திரும்ப வைத்துவிடுவேன். மேல்வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா ஒரு மாதம் பார்த்தார். அப்புறம் ஞாயிறுதோறும் படியில் ஒரு சட்டி மீன்குழம்பு இருக்கும். சட்டியைக் கழுவித் திருப்பி வைப்பேன், அவ்வளவுதான் வாடகைக்கு மேல் நான் கொடுத்தது.