வியோலியாவின் அந்துவான் ஃப்ரெரோ எப்படி மேலே வந்தார்?

தண்ணீர், கழிவு மேலாண்மை செய்யும் ஃபிரெஞ்சு நிறுவனங்களில் தலைமைக்கு வந்தவர்கள் எந்த வழியாக வந்தார்கள், எஞ்சினியரிங் படிப்பு கட்டாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் நெடுநாளாகக் கவனித்து வரும் ஒருவரை வைத்தே பதில் சொல்கிறேன். 2009 முதல் 2022 வரை வியோலியாவின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த அந்துவான் ஃப்ரெரோ. சென்னைக்காரர்களுக்கு இந்தக் குழுமம் புதிதல்ல. 2000லிருந்து 2007 வரை நகரின் சில மண்டலங்களில் குப்பை அள்ளிய ஓனிக்ஸ் இதன் கிளைதான்.

1958இல் பிறந்தவர். எகோல் பொலிடெக்னிக்கில் படிப்பு, எகோல் தே போன்னில் முனைவர் பட்டம்; இரண்டும் ஃபிரான்ஸின் பெயர்பெற்ற எஞ்சினியரிங் கல்லூரிகள். கொஞ்ச காலம் ஆராய்ச்சி, பிறகு ஒரு வங்கியில் நிதிப் பணி. 1990இல்தான் வியோலியாவின் தாய்க் கம்பெனிக்குள் நுழைகிறார். மூன்றாம் நெப்போலியன் காலத்தில், 1853இல், ஊர்களுக்குத் தண்ணீர் கொடுக்கத் தொடங்கிய கம்பெனி அது. ஆனால் அங்கே அவருக்குக் கிடைத்த முதல் பெரிய பொறுப்பு தண்ணீர் இல்லை. 1995இல் பேருந்து, ரயில் ஓட்டும் பிரிவைக் கொடுத்தார்கள். தண்ணீர்ப் பிரிவின் தலைமை 2003இல்தான் வந்தது.

இந்தத் தொழிலின் அடிப்படையைப் புரிந்துகொண்டால்தான் அடுத்து நடந்தது புரியும். ஃபிரான்ஸில் தண்ணீர் உள்ளாட்சியின் பொறுப்பு. குழாயும் பெரும்பாலும் அதன் சொத்துதான். கம்பெனி ஒப்பந்தக் காலம் வரை நடத்திக் கொடுக்கும், அவ்வளவே. காலம் முடிந்ததும் மேயர் "இனி நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்றால் கிளம்ப வேண்டியதுதான். பாரிஸில் அதுவே நடந்தது. சேன் நதியின் வலது கரைக்கு 1985 முதல் தண்ணீர் விநியோகித்து வந்த வியோலியா, 2009 டிசம்பர் 31உடன் வெளியேறியது. ஃப்ரெரோ குழுமத்தின் தலைமைக்கு வந்து அப்போது சில வாரங்கள்தான் ஆகியிருந்தன.

அதைவிடப் பெரிய தலைவலி கடன். 2011இல் கிட்டத்தட்ட 1,500 கோடி யூரோ. 77 நாடுகளில் கடை விரித்திருந்தார்கள். அந்த டிசம்பரில் அவர் அறிவித்தது: 500 கோடி யூரோ சொத்துகளை விற்பது, நாடுகளின் எண்ணிக்கையை 40க்குக் கீழே கொண்டுவருவது, போக்குவரத்துத் தொழிலை விட்டே வெளியேறுவது. தான் ஏழெட்டு ஆண்டு நின்று வளர்த்த பிரிவையே விற்கத் துணிந்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அடுத்த பிப்ரவரியிலேயே அவரை நீக்க முயற்சி நடப்பதாக ஃபிரெஞ்சுப் பத்திரிகைகள் எழுதின. இயக்குநர் குழு அவரை விடவில்லை. போக்குவரத்திலிருந்து முழுதாக வெளியே வர 2019 ஆகிவிட்டது.

எல்லோரும் பேசுவது போட்டியாளர் சூயஸை விழுங்கியதைத்தான். 2020இல் சூயஸின் 29.9% பங்கை எஞ்சி (Engie) என்ற ஃபிரெஞ்சு எரிசக்தி நிறுவனத்திடமிருந்து வாங்கி, சூயஸ் நிர்வாகத்தோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டி, ஒரு பங்குக்கு 20.50 யூரோ என்று 2021 ஏப்ரலில் சமரசமாகி, 2022 ஜனவரியில் முடித்தார்கள். பெரிய சாதனைதான். ஆனால் 2011இன் முடிவு இல்லாமல் இதற்குப் பணமோ தெம்போ இருந்திருக்காது என்பது என் கணிப்பு.

படிப்பு கட்டாயமா என்பதற்கு வருகிறேன். 2022 ஜூலையில் அவர் பொறுப்பை ஒப்படைத்தது எஸ்தெல் பிராக்லியானோஃப் என்பவரிடம். 2005இல் சேர்ந்து, பிரிட்டன் கிளையை நடத்தி மேலே வந்தவர். அவரும் அதே பொலிடெக்னிக், அதே போன். வியோலியாவின் உச்சிப் பதவிக்கு இந்த இரண்டு கல்லூரிகளும் இன்னும் இவ்வளவு பொருந்திவருவது எனக்கு உவப்பாக இல்லை. நாட்டுக் கிளைகளை நடத்தும் வேலை வேறு. அங்கே ஒப்பந்தமும் நிதியும் தெரிந்த எஞ்சினியருக்கு நிச்சயம் இடம் இருக்கிறது. நீங்கள் முதலில் குறிவைக்க வேண்டியது அதைத்தான்.