ரஸ்ட்ல ஃபங்ஷனும் லூப்பும் ஒரே நாள்ல கத்துக்க முடியுங்களா?

பைத்தான் தெரியும், ரஸ்ட்ங்கற புரோகிராமிங் மொழில ஃபங்ஷன் (ஒரு வேலைக்குப் பேர் வச்சு எழுதற கோட்), லூப் (திரும்பத் திரும்ப ஓடற கோட்) இந்த ரெண்டையும் ஒரே நாள்ல முடிச்சிரலாமான்னு கேட்டிருக்கீங்க. படிச்சு முடிக்கறது ஒரு நாள்தானுங்க. எனக்கு அதுக்கப்புறம் மூணு வாரம் ஆச்சு, அந்த ஒரு நாள் படிச்சது என்னன்னு வெளங்கறதுக்கு.

நமக்கு சோமனூர் பக்கம், வீட்டுல எட்டு தறி. சனிக்கிழமை ஆனா அப்பா நோட்டை எடுத்துட்டு உக்காந்து, ஆளுக்கு எத்தனை மீட்டர், எவ்வளவு அட்வான்ஸ் வாங்கியிருக்காங்கன்னு பார்த்து கழிச்சு வாரக்கூலி போடுவாரு. அதையே எழுதிப் பார்க்கலாம்னு ஆரம்பிச்சேன். 2021ல வந்த ரஸ்ட் 1.53ல இருந்து கோட்ல வைக்கற பேரெல்லாம் தமிழ்லயே வைக்கலாமுங்க, அதனால முதல் ஃபங்ஷனுக்கு 'கூலி'ன்னே வச்சேன். உள்ள வர்ற மீட்டருக்கும் ரேட்டுக்கும் டைப் (எந்த வகை மதிப்புன்னு) எழுதியே ஆகணும், வெளிய போறது என்ன டைப்புன்னு அம்புக்குறி போட்டுச் சொல்லணும். உள்ள ஒரே வரி, மீட்டர் * ரேட். காலேஜ்ல சி மொழில எழுதின கைப்பழக்கம், கடைசில செமிகோலன் வச்சுட்டேன். கோடைச் சரிபார்த்து மெஷினுக்கு மாத்திக் குடுக்கற கம்பைலர் ஒத்துக்கவே இல்ல, நம்பர் வரும்னு சொன்ன, வெறும் அடைப்புக்குறிதான் வருதுங்குது. ரஸ்ட்ல கடைசி வரிக்கு செமிகோலன் வைக்காம விட்டாத்தான் அது பதிலா வெளிய போகும். இந்த செமிகோலனை எடுன்னு எரர்லயே கீழ இடத்தோட காட்டியிருந்துச்சுங்க, நாந்தான் சிவப்பைப் பார்த்ததும் படிக்காம அரை நாள் தேடிட்டு இருந்தேன்.

அடுத்தது ஃபார் லூப். திங்கள்ல இருந்து சனி வரைக்கும் ஆறு நாள், 1..6னு போட்டேன். ஓடுச்சு, எரர் இல்ல, ஆனா எல்லாருக்கும் ஒரு நாள் கூலி கொறையுது. ரெண்டு புள்ளி மட்டும் வச்சா கடைசி நம்பர் சேராதுங்க, 1..=6னு போட்டாத்தான் சனிக்கிழமை உள்ள வரும். பைத்தான் ரேஞ்ச்லயும் இதே கதைதான், ஆனா எழுதறப்ப தோணல பாருங்க.

நிஜமா மண்டை காஞ்சது இதுலதான். ஆளுங்க பட்டியலை ஒரு வெக்டர்ல வச்சு, ஃபார் லூப்ல ஓட்டிட்டு, கீழ மொத்தம் எத்தனை பேர்னு எண்ணப் போனா, அந்தப் பட்டியல் உன்கிட்ட இல்லேங்குது. வெக்டரை அப்படியே லூப்புக்குக் குடுத்தா குடுத்தது குடுத்ததுதான், லூப்போட அது போச்சு. ஃபங்ஷனுக்குக் குடுத்தாலும் அப்படியே. முன்னால ஒரு & போட்டா எரவல் குடுத்த மாதிரி, வேலை முடிஞ்சதும் நம்மகிட்டயே இருக்கும். பக்கத்து வீட்டுக்கு மம்முட்டி எரவல் குடுக்கறமே, அதுமாதிரி வச்சுக்குங்க. மீட்டர் மாதிரி வெறும் நம்பருக்கு இந்தத் தொல்லை இல்ல, அது காப்பி ஆகித்தான் போகும்.

வைல் லூப் பத்தி புதுசா ஒண்ணுமில்ல, பைத்தான் மாதிரிதான். வெறும் லூப்னு ஒண்ணு இருக்கு, ப்ரேக் போடற வரைக்கும் ஓடும், அந்த ப்ரேக்கோடவே ஒரு பதிலையும் வெளிய அனுப்பலாம். லூப்புக்குள்ள லூப் இருந்தா ப்ரேக் உள்ளதை மட்டுந்தான் நிறுத்தும், எட்டு தறி ஓடறப்ப ஒண்ணுல ஊடை நூல் அறுந்தா அந்தத் தறி மட்டும் நிக்கற மாதிரி. மொத்தமா நிறுத்தணும்னா வெளி லூப்புக்கு முன்னால ஒத்தை மேற்கோளோட ஒரு பேர் வச்சு, ப்ரேக்ல அந்தப் பேரைச் சொல்லோணும்.

எல்லாம் சரி பண்ணிட்டு அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினா, மூணாவது ஆள்லயே பேனிக் ஆகி நின்னுக்கிச்சு. அந்த வாரம் அவருக்குக் கூலியை விட அட்வான்ஸ் ஜாஸ்தி, நான் நம்பர் டைப்பை யூ32னு வச்சிருந்தேன், அதுல மைனஸே கிடையாது. "ஏங்கண்ணு, மைனஸ் வராத வாரம் எங்க இருக்குது"ன்னு சிரிக்கறாரு. மைனஸும் வர்ற ஐ32னு மாத்தினேன். சோதிச்சுப் பார்க்கற டீபக் பில்ட்ல ஓட்டினதால நின்னுச்சு, கடைசியா வெளியிடற ரிலீஸ் பில்டா இருந்திருந்தா நிக்காம, மைனஸுக்குப் பதிலா யூ32ஓட உச்ச நம்பர்ல இருந்து கீழ எண்ணி அந்த ஆளுக்கு 429 கோடிக்குப் பக்கமா கூலி போட்டிருக்குமுங்க.